நடுக்காட்டில் நின்ற லாரிக்குத் தமிழ் தெரியாது

இது கொஞ்சம் நீளமான பதிவு. லாரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நகர்ந்துவிட வேண்டாம். உங்கள் வீட்டு அரிசி, சிமென்ட், சமையல் சிலிண்டர் எல்லாம் யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்து ஓட்டி வந்ததுதான்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் டீசல் லாரி ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால், பழுது எங்கே என்று படிப்படியாகத் தேடிப்போகும் அறிவு நம் ஓட்டுநர்களிடம் இருக்கிறது. இப்போது வரும் புதிய வண்டிகளும் தங்கள் பழுதைத் தாங்களே கண்டுபிடித்து எண்ணாக எழுதிக் காட்டுகின்றன. ஆனால் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று ஓட்டுநருக்கு அவருடைய மொழியில் யாரும் சொல்வதில்லை. இதனால் மனிதர்கள் காட்டில் இரண்டு ராத்திரி, மூன்று ராத்திரி கிடக்கிறார்கள். ஒரு தாள் அச்சடித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடக்கூடிய கஷ்டம் இது.

நான் இயற்பியல் வாத்தியார். பெட்ரோல் இன்ஜினுக்கும் டீசல் இன்ஜினுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்வார்கள்: "டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் இல்ல சார்." இரண்டு மார்க். பரீட்சைக்கு அது போதும். வண்டி நடுவழியில் நின்றால் அந்த ஒரு வரியிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

ஸ்பார்க் இல்லையென்றால் டீசல் எப்படிப் பற்றுகிறது? உள்ளே இழுத்த காற்றை 16 அல்லது 17-இல் ஒரு பங்காக நசுக்கினால் அதன் சூடு 500 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் டீசலைப் பொடித்துளிகளாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே சங்கதிதான். ஆக டீசல் இன்ஜின் உயிர் பெற மூன்று விஷயம் வேண்டும். போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று நசுங்க வேண்டும், சரியான நேரத்தில் டீசல் வந்து விழ வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் இந்த மூன்றில் ஒன்று இல்லை.

ஒரு சின்ன இடைச்செருகல். ருடால்ஃப் டீசலை ஜெர்மன்காரர் என்றே படித்திருக்கிறோம். பெற்றோர் ஜெர்மானியர்தான், ஆனால் அவர் பிறந்தது பாரிஸில், 1858-இல். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய வகை இன்ஜின் ஒன்று வேர்க்கடலை எண்ணெயில் ஓடியது. அந்தக் காலத்தில் நம் புதுச்சேரியிலிருந்து மர்சேய் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாகப் போனதும் வேர்க்கடலைதான். இரண்டுக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது, அவ்வளவே.

சரி, லாரிக்கு வருவோம். நம்ம ஊர் மேட்டுப்பாளையம் லாரி டெர்மினல் பக்கம் போனால் இந்த மூன்று விஷயத்தையும் இயற்பியல் புத்தகத்தைவிட அழகாகச் சொல்லக்கூடியவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வெளியூர் நண்பர்களுக்கு: இது ஊட்டி மலைக்குக் கீழே இருக்கிற மேட்டுப்பாளையம் இல்லை, புதுச்சேரிக்குள்ளேயே இருப்பது. நம் ஊரில் டீசல் விலை குறைவு என்பதால் டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகிற வண்டிகள் எப்போதும் உண்டு. அங்கே முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா முதல்ல ஸ்பேனரத் தொடாதீங்க சார். காத வச்சுக் கேளுங்க. அப்புறம் சைலன்சரப் பாருங்க. பாதி விஷயம் அங்கயே தெரிஞ்சிடும்."

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு மங்கி அழுதால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறது. லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். அதில் ஒன்று படுத்தாலும் இன்னொன்று தனியாக இழுக்காது. விளக்கு பிரகாசமாகவே எரிந்து, 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தாலோ அதுவும் வராவிட்டாலோ செல்ஃப் மோட்டார், அதன் சுவிட்ச், வயர் இவற்றைப் பார்க்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனாலும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அப்போது சைலன்சர். சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை: குளிர், அல்லது இன்ஜினில் கம்ப்ரெஷன் குறைவு. புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவே இல்லை.

ஒரு ஹெட்லைட், ஒரு காது, ஒரு சைலன்சர். இவற்றை வைத்துக்கொண்டு ஒன்றொன்றாக விலக்கிக்கொண்டே போகிறார். நான் வகுப்பில் பரிசோதனை முறை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டது இதைத்தான்.

டீசல் போகவில்லை என்றால் பழைய வண்டியில் தேடுகிற பாதை ஒன்று உண்டு. முதலில் டேங்க்கில் டீசல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்ப்பது, ஏனென்றால் முள் பொய் சொல்லும். பிறகு இன்ஜினை நிறுத்துகிற ஸ்டாப் வயர் இழுத்த இடத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது. இதற்காகவே மெக்கானிக்கைக் கூப்பிட்டு அசடு வழிந்த கதைகள் டெர்மினலில் நிறைய கிடைக்கும். அப்புறம் பில்டருக்குக் கீழே தங்கியிருக்கும் தண்ணீரைத் திறந்துவிடுவது. கடைசியாக ஏர் எடுப்பது. டீசல் குழாயில் ஒரு குமிழி காற்று புகுந்தாலும் பம்பு அந்தக் காற்றைத்தான் அழுத்திக்கொண்டிருக்கும், நாசில் வரை டீசல் போகாது. பில்டர் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, கையால் பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரை வரும், பிறகு நுரையில்லாத டீசல் வரும். இறுக்கிவிட்டு, நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளையும் லேசாகத் தளர்த்தி, செல்ஃப் அடித்துக் காற்றை வெளியேற்றி, மறுபடி இறுக்கினால் வண்டி இருமிக்கொண்டே எழுந்துவிடும்.

காற்று எந்த வழியாகப் புகுந்தது என்று கண்டுபிடிப்பது தனிக்கலை. தேய்ந்த செப்பு வாஷர், வெடித்த ரப்பர் ஹோஸ் எதுவாகவும் இருக்கலாம். அதற்குப் பழைய டியூபை நீளமாக வெட்டி இறுக்கிச் சுற்றுவார்கள். டேங்க்கில் மயிரிழை வெடிப்பு என்றால் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள். டீசலில் சோப் சீக்கிரம் கரையாது. இந்த வேதியியலை அவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை.

இந்த அறிவுக்குத் தமிழ்நாட்டில் ஊர்களே உண்டு. லாரிக்கு நாமக்கல், சங்ககிரி. போர்வெல் வண்டிக்குத் திருச்செங்கோடு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா என்று போகாத வட்டாரம் இல்லை. தண்ணீர் இல்லாத ஊரில்தான் அவர்களுக்கு வேலை. தண்ணீர் இல்லாத ஊருக்குப் பெரும்பாலும் ரோடும் சரியிருக்காது, மெக்கானிக்கும் இருக்க மாட்டார். லாரி ஒரு இன்ஜின், அதன் மேல் கம்ப்ரஸருக்கு இன்னொரு இன்ஜின், இரண்டையும் அந்தக் குழுவே பார்த்துக்கொண்டாக வேண்டும். வடக்கே போகிறவர்களுக்கு இன்னொரு பிரச்சினை, குளிர். கடுங்குளிரில் டீசலில் இருக்கிற மெழுகு உறைந்து பில்டரை அடைத்துவிடும். லடாக்கில் டேங்க்குக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றுகிற வழக்கமே இருந்தது. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்காலடீசலை லடாக்குக்குக் கொண்டுவந்தது. நெருப்பு மூட்டினவர்களின் கஷ்டத்தைக் கேட்டு, ஒரு நிறுவனம் எரிபொருளையே மாற்றிக் கொடுத்திருக்கிறது. கீழிருந்து மேலே சேதி போனால் காரியம் நடக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் வண்டிகளுக்கு பாரத் ஸ்டேஜ் 6 கட்டாயமானது. அதோடு லாரியின் உள்ளமைப்பே மாறிவிட்டது. இப்போது டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று தீர்மானிப்பது இ.சி.எம். என்கிற மின்னணுப் பெட்டி. புகையைச் சுத்தம் செய்ய 32.5 சதவீத யூரியா கலந்த திரவம் தனி டேங்க்கில். அது தீர்ந்தால் வண்டி எச்சரிக்கும், பிறகு இழுவையைக் குறைக்கும். 2021 அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் தென்கொரியாவின் டீசல் லாரிகள் எல்லாம் நின்றுவிடுமோ என்ற நிலை வந்தது. இந்த மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. நெல்லித்தோப்பு சிக்னலில் பழைய லாரிக்குப் பின்னால் நின்றவர் யாரும் எதிர்க்க மாட்டார். குழந்தைகளின் நுரையீரல் முக்கியம்.

ஆனால் இதில் ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்தான ஒரு இடம் இருக்கிறது. இதைத் தயவுசெய்து லாரி ஓட்டும் உங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள். மேலே ஏர் எடுப்பது பற்றிச் சொன்னேனே, நாசில் பைப் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடிப்பது, அதைப் புதிய காமன் ரெயில் இன்ஜினில் செய்யவே கூடாது. அந்தப் பைப்பில் டீசல் 1,600 பார், 2,000 பார் அழுத்தம் வரை போகும். லாரி டயரில் இருப்பது ஏறக்குறைய 8 பார். அந்த அழுத்தத்தில் ஊசிமுனை அளவு கசிவு கையில் பட்டால் தோலைத் துளைத்து டீசல் சதைக்குள் போய்விடும். வெளியே பார்த்தால் எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலை, கையை இழக்க நேரிடும். பழைய வண்டியில் முப்பது வருஷம் காப்பாற்றிய வித்தை, புதிய வண்டியில் கையை வாங்கிவிடும். இதை யார் அவருக்குச் சொன்னார்கள்? வண்டியை விற்றவர் சொன்னாரா? லைசென்ஸ் கொடுத்தவர் சொன்னாரா? வண்டியோடு வரும் புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊர்ப் பக்கம் கரையேறி, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் போன வண்டியைச் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போய்விடும். 'ஸ்டார்ட் ஆகுதான்னு ஒருவாட்டி பாரு' என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லத்தான் செய்வார். கேட்காதீர்கள்.

இனி அந்த எண்கள் விஷயம். என் பழைய மாணவர் ஒருவர், இப்போது நாற்பதைத் தாண்டியவர், ராய்ப்பூரிலிருந்து இரும்பு ஏற்றிக்கொண்டு ஜக்தல்பூர் வழியாக 30-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நம் ஊருக்கு வந்துகொண்டிருந்தார். சுக்மாவுக்கும் கோண்டாவுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் காடு. மாவோயிஸ்ட் மோதல் செய்திகளில் மட்டுமே நாம் கேள்விப்பட்டிருக்கும் பகுதி. சாயந்திரம் ஓரமாக நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி பிடிக்கவில்லை. கிளீனர் கிடையாது, தனி ஆள். போனில் சிக்னல் வேண்டுமென்றால் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

அவர் என்னென்ன செய்தார் என்று என்னிடம் வரிசையாகச் சொன்னார். முன்னும் பின்னும் முக்கோணம் வைத்திருக்கிறார், சக்கரத்துக்குக் கல் கொடுத்திருக்கிறார். கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டை விட்டு எடுத்துப் போட்டதையும் சொன்னார். அதைக் கேட்டு எனக்குத் தனி சந்தோஷம். கல்லை நடுரோட்டிலேயே விட்டுப்போகிற புண்ணியவான்களால் பைக்கில் வருகிறவர்கள் விழுகிறார்கள். லைட் மங்கவில்லை, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, புகை இல்லை. பில்டர் தண்ணீரை இறக்கிப் பார்த்தார், சுத்தம். பில்டர் மேலுள்ள கைப்பம்பை அடித்தார், கொஞ்ச நேரத்தில் கல் மாதிரி இறுகியது, அதாவது அதுவரை டீசல் வருகிறது. உயர் அழுத்தப் பைப்பை அவர் தொடவில்லை, யாரோ எப்போதோ சொல்லியிருந்த புண்ணியம். "டீசல் வருது சார், இன்ஜினும் சுத்துது, ஆனா நாசில் அடிக்க மாட்டேங்குது, அதுக்கு யாரோ உத்தரவு கொடுக்க மாட்டேங்குறாங்க" என்றார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். இதைவிடத் துல்லியமாக அந்த நிலையைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

ஸ்டார்ட் செய்யும்போது ஆர்.பி.எம். முள் பூஜ்ஜியத்தை விட்டு அசையவில்லை என்பதையும் கவனித்திருக்கிறார். திரையில் ஒரு மஞ்சள் விளக்கு, இரண்டு எண்கள். போட்டோ எடுத்து வைத்திருந்தார். 636, பக்கத்தில் 5.

நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு நடந்து போய்ப் பேசினார். இந்தியில் கேட்டார்கள், பிறகு ஆங்கிலத்தில். சேஸிஸ் எண்ணைக் கேட்டார்கள். திரையில் தெரிந்த எண்ணைக் கேட்கவில்லை. அவராகச் சொன்னபோதும் "எங்கள் ஆள் வந்து பார்ப்பார்" என்பதுதான் பதில். ஆள் வந்தது மூன்றாம் நாள் காலை. லேப்டாப்பைச் சொருகினார், பார்த்தார், இன்ஜின் பக்கவாட்டில் கையை விட்டு ஒரு வயரை எடுத்தார். ஒரு தகட்டில் உரசி உரசி அறுந்திருந்தது. இணைத்து டேப் சுற்றினார். இருபது நிமிஷம். வந்துபோன செலவு 11,000 ரூபாய். அதை முதலாளி கட்டினார். இரண்டு நாள் தாமதத்துக்கு ஓட்டுநரின் டிரிப் கணக்கில் ஒரு ரூபாய் கிடையாது. காட்டில் காவல் காத்தது அவர் கணக்கில் வேலையாகச் சேரவே இல்லை.

அந்த இரண்டு எண்ணும் நிறுவனத்தின் ரகசியம் இல்லை. கனரக வண்டிகளுக்கு உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கும் ஜே 1939 என்ற பொது முறையில் வருபவை. முதல் எண் எந்த உறுப்பு என்று சொல்லும், இரண்டாவது எண் அதற்கு என்ன ஆயிற்று என்று சொல்லும். 636 என்றால் இன்ஜின் எந்த நிலையில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கும் சென்சார். 5 என்றால் அதில் மின்னோட்டம் இல்லை அல்லது குறைவு, அதாவது வயர் அறுந்திருக்கலாம், பிளக் கழன்றிருக்கலாம். அந்த சென்சார் சொல்லாவிட்டால் இ.சி.எம்.முக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியாது. தெரியாதபோது நாசிலுக்கு உத்தரவு கொடுக்காது. என் மாணவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வயரைப் பார் என்று வண்டியும் முதல் ராத்திரியே சொல்லிவிட்டது. அவரிடம் டேப்பும் கட்டிங் பிளேயரும் இருந்தன. இன்னும் சில எண்கள் சொல்கிறேன்: 97 என்றால் டீசலில் தண்ணீர், 94 டீசல் வரும் அழுத்தம், 157 ரெயில் அழுத்தம், 100 ஆயில் அழுத்தம், 110 கூலண்ட் சூடு. இரண்டாம் எண்ணில் 3 என்றால் மின்னழுத்தம் கூடுதல், 4 என்றால் குறைவு. இப்படி முப்பது நாற்பது வரி. தமிழில் ஒரே ஒரு தாள். பிளாஸ்டிக் உறை போட்டு வண்டிக் கேபினில் தொங்கவிடலாம்.

நிறுவனங்கள் தரப்பில் சொல்லப்படும் வாதம் எனக்குத் தெரியும். ஓட்டுநர்கள் கையில் கொடுத்தால் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றி வீசுவார்கள், உரக்கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள், கேடு விளைவிப்பார்கள் என்பது. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். வேப்பெண்ணெய் பூசிய உர யூரியாவை ஊற்றி, லட்ச ரூபாய்ப் பொருளைப் பாழாக்கினவர்களும் உண்டு. ஆனால் எண்ணைப் படிக்கத் தெரிவது வேறு, இ.சி.எம்.முக்குள் புகுந்து மாற்றுவது வேறு. ரத்தப் பரிசோதனை முடிவைப் படிக்கத் தெரிந்தவர் எல்லாம் தனக்குத் தானே ஆபரேஷன் செய்துகொள்வார் என்று எந்த ஆஸ்பத்திரியும் ரிப்போர்ட்டை ஒளித்துவைப்பதில்லை.

சட்டம் இந்தப் பக்கம் எட்டிப்பார்த்திருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2022-இல் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் வந்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள். ஐரோப்பாவில் லாரி உட்பட வாகனங்களின் பழுதுபார்ப்புத் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்குத் தர வேண்டும் என்று 2018-இல் சட்டமே போட்டார்கள். அமெரிக்காவில் டிராக்டர் நிறுவனமான ஜான் டியர் மீது, விவசாயிகளைத் தாங்களே பழுதுபார்க்க விடவில்லை என்று 2025 ஜனவரியில் அரசு அமைப்பே வழக்குப் போட்டது. நம் இணையதளம் நல்ல தொடக்கம்தான். ஆனால் சுக்மா காட்டில் சிக்னல் இல்லாதவருக்கு இணையதளத்தால் என்ன பயன்? தாள்தான் பயன்படும்.

அரசு நினைத்தால் முடியாதது இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் ஓட்டுநர் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று விதி வந்துவிட்டது. நல்ல விதி. நாற்பது டிகிரி வெயிலில் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அது சலுகை இல்லை, தேவை. ஏ.சி.யைக் கட்டாயமாக்க முடிந்த அரசால், வண்டித் திரையும் கேபின் தாளும் ஓட்டுநர் தேர்ந்தெடுக்கும் இந்திய மொழியில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க முடியாதா? நம் கையில் இருக்கும் சாதாரண செல்போன் தமிழ் பேசுகிறது. பல லட்ச ரூபாய் லாரி ஏன் பேசக்கூடாது?

இதில் எனக்கு வாத்தியார் என்ற முறையில் ஒரு உறுத்தல் உண்டு. கனரக வாகன ஓட்டுநருக்குக் குறைந்தது எட்டாம் வகுப்பு என்று இருந்த நிபந்தனையை 2019-இல் எடுத்துவிட்டார்கள். படிப்பில்லாதவர் பிழைப்பைக் கெடுக்கக்கூடாது என்ற நோக்கம் நியாயமானது, ஏற்கிறேன். ஆனால் ஒரு கையால் படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறு கையால் ஆங்கிலத் திரை கொண்ட வண்டியைக் கொடுப்பது என்ன கணக்கு? படிக்காதவரும் ஓட்டலாம் என்றால், படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி வண்டி சொல்ல வேண்டும். படம் போடுங்கள், தமிழில் குரல் கொடுங்கள்.

முன்பு இதற்கெல்லாம் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கிளீனர் சீட். பையன் ஒருவன் ஐந்தாறு வருஷம் அந்த சீட்டில் உட்கார்ந்து, டயர் தட்டி, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, ராத்திரி டார்ச் பிடித்து, ஏர் எடுப்பதை நூறு முறை பார்த்துத்தான் ஸ்டியரிங்குக்கு வருவான். இன்று கிளீனருக்குச் சம்பளம் கொடுக்க முதலாளிக்குக் கட்டுப்படியாவதில்லை, வரப் பையன்களும் இல்லை. டெர்மினலில் பெரியவர்கள் இதைச் சொல்லி அங்கலாய்க்கிறார்கள். நான் அங்கலாய்க்க மாட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு என் வகுப்பிலிருந்து போன பையன்களை எனக்குத் தெரியும். கோடை விடுமுறைக்கு 'மாமாவோட லாரில போறேன் சார்' என்று போனவன் ஜூனில் திரும்ப மாட்டான். வருகைப் பதிவேட்டில் மாதக்கணக்கில் ஆப்சென்ட் போட்டுக் கடைசியில் பெயரை அடித்திருக்கிறேன். அடியும் உதையும், டீ டம்ளர் கழுவுவதும், லாரிக்கு அடியில் தூங்குவதும்தான் அந்தப் பள்ளிக்கூடத்தின் மறுபக்கம். அது மூடியதில் எனக்கு வருத்தமில்லை. அங்கே சொல்லிக்கொடுத்த பாடத்தை வேறு இடத்துக்கு மாற்றாமல் மூடினோமே என்பதுதான் என் புகார். அந்தப் பாடத்துக்கு இப்போது வாத்தியாரும் இல்லை, வகுப்பறையும் இல்லை, புத்தகமும் இல்லை.

வகுப்பறை பக்கத்திலேயே இருக்கிறது. ஆண்கள் அரசு ஐ.டி.ஐ. இருப்பது அதே மேட்டுப்பாளையத்தில். டீசல் மெக்கானிக் என்பது ஐ.டி.ஐ.களில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஒரு வருஷப் படிப்பு. ஓட்டுநர் ஒரு வருஷம் போய் உட்கார முடியாது. லோடுக்காகக் காத்துக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சும்மாதான் இருக்கிறார். ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம், ஒரு பழைய இன்ஜின், ஒரு காமன் ரெயில் இன்ஜின், ஒரு மல்டிமீட்டர். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எண்ணை எப்படிப் படிப்பது, வெளி மெக்கானிக்கிடம் போனில் என்னவென்று சொல்வது. சொல்லிக்கொடுப்பதில் பாதியை டீக்கடை பெஞ்சுப் பெரியவர்களே செய்வார்கள், அவர்களுக்கு ஒரு கௌரவ ஊதியம் கொடுத்தால் போதும். ஐ.டி.ஐ. பிள்ளைகளும் கூட உட்காரட்டும். வொர்க்‌ஷாப் வெளிச்சத்தில் பழுது பார்ப்பது வேறு, மழையில் டார்ச் வெளிச்சத்தில் பழுது பார்ப்பது வேறு என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

வண்டி நின்ற நாளுக்கு ஓட்டுநருக்குப் படி தர வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். நியாயம். வண்டி நின்றதற்கு அவர் காரணம் இல்லாதபோது நஷ்டம் மட்டும் ஏன் அவருக்கு? வாடகை பேசும்போதே முதலாளிகள் சங்கம் இதை ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

ஐ.டி.ஐ. முதல்வருக்கும் புதுச்சேரி போக்குவரத்துத் துறைக்கும் இரண்டு பக்கத்தில் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். எண்களின் பட்டியலைத் தமிழில் எழுதும் வேலையும் பாதி முடிந்திருக்கிறது. டீசல் மெக்கானிக் பாடம் நடத்தியவர்கள், லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள் யாராவது அதைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் உதவியாக இருக்கும். மனுவில் கையெழுத்துப் போட விரும்பும் ஓட்டுநர்கள் வருகிற ஞாயிறு காலை 9 மணிக்கு மேல் டெர்மினல் டீக்கடைக்கு வாருங்கள். டீ என் செலவு.